ஏற்காடு ஏற்றத்தில் அந்த 18 நிமிடம் எங்கே போனது?

சைக்கிள் ஓட்டும் ஒரு தம்பி எனக்கு எழுதிக் கேட்டிருந்தது சுருக்கமாக இதுதான். இவர் எடை 70 கிலோ. சைக்கிள், இரண்டு பாட்டில் தண்ணீர் எல்லாம் சேர்த்து 85. நண்பர் எடை 58 கிலோ; சாமானோடு 70. காலையில் சமதளமான ஓமலூர் ரோட்டில் ஒன்றரை மணி நேரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் போவார்களாம், இருவருக்கும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்குமாம். ஆனால் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரிக்கரை வரை ஏற நண்பருக்கு 1 மணி 35 நிமிடம், இவருக்கு 1 மணி 53 நிமிடம். இத்தனைக்கும் முதல் சில கிலோமீட்டர் இவர்தான் முன்னால், வேக மீட்டரில் 17 காட்டியதாம். கடைசியில் 8-க்கு இறங்கிவிட்டதாம். "என் காலில் பலம் இல்லையா, சைக்கிள்தான் கனமா? மூன்று கிலோ குறைவான கார்பன் சைக்கிள் வாங்கலாமா?"

வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். உங்கள் 18 நிமிடத்தில் எடை தின்றது 5 நிமிடம்தான். மிச்சம் 13 நிமிடத்தை நீங்களே மலையடியில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கணக்கோடு சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் இருபது வருடம் இயற்பியல் நடத்தியவன், அந்தப் பழக்கம் விடாது, பொறுத்துக்கொள்ளுங்கள். (நெடுஞ்சாலையில் இரண்டு பேர் ஜோடியாகப் போவதற்குத் தனியாகத் திட்ட வேண்டும். ஆனால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போயிருந்தால் பின்னால் வருபவருக்குக் காற்று குறைந்து இந்தக் கணக்கே கெட்டிருக்கும். அந்த வகையில் எனக்கு வசதி.)

முதலில் மலை. ஏற்காட்டின் உயரம் 1,515 மீட்டர் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஏரிக்கரை அதைவிடத் தாழ்வு. சேலம் நகரம் 278 மீட்டர் அளவில் இருக்கிறது, அடிவாரம் அதைவிடக் கொஞ்சம் மேடு. கூட்டிக் கழித்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறத்தாழ 20 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறுகிறோம். 100 மீட்டர் போனால் 5 மீட்டர் உயரம், அதாவது 5 சதவீதச் சரிவு. சில இடத்தில் 8, சில இடத்தில் 2 என்று இருக்கும். கணக்குக்குச் சராசரி போதும்.

85 கிலோ என்பது ஒன்றேமுக்கால் மூட்டை சிமென்ட். அதை முந்நூறு மாடிக் கட்டடத்தின் உச்சிக்குத் தூக்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நேராகத் தூக்க முடியாது என்பதால்தான் பள்ளிக்கூடத்தில் படித்த சாய்தளம் வருகிறது. அந்த 1,000 மீட்டரை 5 கி.மீ.யில் நேரே ஏறும்படி ரோடு போட்டிருந்தால் சரிவு 20 சதவீதம். உங்கள் காலுக்கு அங்கே மணிக்கு மூன்றரை கி.மீ.தான் வேகம் வரும். அந்த வேகத்தில் சைக்கிள் நிற்காது, சாய்ந்துவிடும். வளைத்து வளைத்துத் தூரத்தை நாலு மடங்காக்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் தேவையான விசையை நாலில் ஒன்றாகக் குறைத்திருக்கிறார்கள். ஈர்ப்புக்கு எதிராகச் செய்யும் மொத்த வேலை மட்டும் எந்த வழியில் போனாலும் குறையாது. குப்பனூர் வழியாக ஏறுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், செங்குத்து கூடினால் கால் என்ன சொல்லும் என்று சொல்வார்கள்.

இப்போது சைக்கிளைப் பின்னால் இழுக்கும் விசைகள். மூன்றே மூன்றுதான்.

ஈர்ப்பு: 85 கிலோவுக்கு 5 சதவீதச் சரிவில் ஏறத்தாழ 42 நியூட்டன். வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் இது மாறாது.

டயரின் உருளும் உராய்வு: சுமாரான வழவழப்பு டயருக்கு 5 நியூட்டன். இதுவும் வேகத்தோடு மாறாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

காற்று: இது மட்டும் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 12 கி.மீ.யில் ஏறத்தாழ இரண்டரை நியூட்டன்தான். 29-ல் 15 நியூட்டன்.

திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்குவது. செயினிலும் கியரிலும் நூற்றுக்கு நாலு வீணாகும் என்று சேர்த்துக்கொண்டால், ஓமலூர் ரோட்டில் மணிக்கு 29 கி.மீ. போக உங்களுக்கு ஏறத்தாழ 170 வாட் வேண்டும். அங்கே உங்கள் உழைப்பில் முக்கால் பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. எடைக்கு அங்கே மரியாதை குறைவு. நண்பர் ஒல்லி, காற்றில் அவர் உடம்பு அடைக்கும் பரப்பும் கொஞ்சம் சின்னது. அதே வேகத்துக்கு அவருக்கு 150 வாட் போதும். ஆக, சமதளத்தில் சமமாகப் போகிறோம் என்று நீங்கள் நினைத்த நாட்களில் எல்லாம் அவரைவிட 20 வாட் அதிகம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் காலில் பலம் இல்லாமல் இல்லை, அவரைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

அதே 170 வாட்டோடு மலையில் ஏறினால் உங்கள் வேகம் மணிக்கு சரியாக 12 கி.மீ. காற்று இங்கே கணக்கிலேயே இல்லை. நூறு பங்கு உழைப்பில் 85 பங்கு ஈர்ப்புக்கு, 10 பங்கு டயருக்கு, மிச்சம் 5 பங்கு காற்றுக்கு. அதனால்தான் மலையில் வெறும் வாட்டைப் பேசாமல், வாட்டை எடையால் வகுத்துப் பேசுகிறார்கள். சைக்கிளோடு சேர்த்து உங்களுக்குக் கிலோவுக்கு 2 வாட். நண்பருக்கு 150-ஐ 70-ஆல் வகுத்தால் 2.14. அவர் வேகம் மணிக்கு 12.7 கி.மீ. இருபது கிலோமீட்டருக்கு அவருக்கு 95 நிமிடம், உங்களுக்கு 100 நிமிடம்.

அவர் எடுத்துக்கொண்ட 1 மணி 35 அச்சாகப் பொருந்துகிறது பாருங்கள். உங்களுக்கு வந்திருக்க வேண்டியது 1 மணி 40. வந்தது 1 மணி 53.

இந்த இடத்தில் ஒரு சின்ன வித்தை சொல்லித் தருகிறேன். வாட் அளக்கும் மீட்டர் இல்லாதவர்களுக்கு மலைதான் மீட்டர். மொத்த எடையை 9.81-ஆல் பெருக்குங்கள், ஏறிய உயரத்தால் பெருக்குங்கள், எடுத்த நொடிகளால் வகுங்கள். வந்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், அது டயருக்கும் காற்றுக்கும் செயினுக்கும். உங்களுக்கு: 85 பெருக்கல் 9.81 பெருக்கல் 1,000, வகுத்தல் 6,780 நொடி. 123 வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 148 வாட். நண்பருக்கும் இதே முறையில் போட்டால் 145 வருகிறது. கிட்டத்தட்ட ஒரே வாட். சமதளத்தில் அவரைவிட 20 வாட் கூடுதலாகப் போட்டவர் மலையில் அவர் அளவுக்குத்தான் போட்டிருக்கிறார். அந்த 20 வாட் எங்கே?

நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஆரம்பத்தில் மீட்டர் 17 காட்டியது.

5 சதவீத ஏற்றத்தில் 85 கிலோவை மணிக்கு 17 கி.மீ.யில் ஏற்ற 250 வாட் வேண்டும். களைக்காத கால், குளிர்ந்த காலை நேரம், பின்னால் நண்பர், போதாக்குறைக்கு மேலே வளைவில் யாரோ ஒருவர் தெரிகிறார். எல்லாரும் செய்வதுதான். ஆனால் உடம்புக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று மாதச் சம்பளம் மாதிரி: ஆக்சிஜனை வைத்து ஒரு மணி நேரம், அதற்கு மேலும் தாக்குப்பிடித்துத் தரக்கூடிய வாட். உங்களுக்கு அது 180 என்று வைப்போம். இன்னொன்று பீரோவில் வைத்த கையிருப்பு: வரம்பைத் தாண்டும்போது மட்டும் எடுத்துச் செலவழிப்பது. சாதாரணமாகப் பயிற்சி செய்பவருக்கு அது 15,000 ஜூல் அளவில் இருக்கும். 250 வாட்டில் போகும்போது வரம்புக்கு மேல் நொடிக்கு 70 ஜூல் எடுக்கிறீர்கள். 15,000-ஐ 70-ஆல் வகுங்கள். 214 நொடி. மூன்றரை நிமிடம். அதற்குள் நீங்கள் போயிருப்பது ஒரே ஒரு கிலோமீட்டர்.

கையிருப்பு தீர்ந்த பிறகு 180-க்குத் திரும்பி வந்தால் போதும் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. வரம்புக்கு நன்றாகக் கீழே இறங்கினால்தான் பீரோ மறுபடி நிரம்பும், அதுவும் மெதுவாக. மலையில் இறங்கி ஓய்வெடுக்க இடம் ஏது? 110 வாட்டுக்கு விழுகிறீர்கள். 110 வாட்டுக்கு உங்கள் வேகம் என்ன தெரியுமா? மணிக்கு 8. நீங்கள் சொன்ன அதே 8.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சமதளத்தில் வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் குறைத்தால் இயற்பியலே தண்டனை கொடுக்கும். 30-லிருந்து 40-க்குப் போக 180 வாட் 380 ஆகிவிடும். மலையில் அந்தத் தண்டனை அநேகமாகக் கிடையாது. 10-லிருந்து 20-க்குப் போனால் 140 வாட் 310 ஆகும், வேகம் இரட்டிப்பானால் வாட்டும் இரட்டிப்புக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஒவ்வொரு மீட்டரையும் ஏறும் செலவு வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் ஏறத்தாழ ஒன்றே. எனவே மலை உங்களைத் தண்டிக்கவில்லை. ரத்தமும் தசையும்தான் தண்டித்தன. எடை குறைந்த சைக்கிள் இதற்கு மருந்தாகாது, மூன்று கிலோ குறைந்த சைக்கிளிலும் நீங்கள் முதல் கிலோமீட்டரை 250 வாட்டில்தான் ஏறப்போகிறீர்கள், மீட்டரில் 17-க்குப் பதில் பதினேழரை காட்டும்.

சரி, அந்த மூன்று கிலோ எவ்வளவு தரும்? 170 வாட்டில் சீராக ஏறினால், ஒரு கிலோவுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். மூன்று கிலோவுக்கு மூன்றரை நிமிடம்கூட முழுதாக இல்லை. உடம்பில் 5 கிலோ குறைத்தால் ஐந்தரை நிமிடம், நண்பரோடு சமம். பட்டினி கிடந்து தொடையையும் சேர்த்துக் கரைத்தால் வாட்டும் போய்விடும் என்பதால் அதை அவசரப்படுத்தாதீர்கள். சக்கரத்தின் எடையை மட்டும் குறைத்தால் இரட்டிப்புப் பலன் என்று கடையில் சொல்வார்கள். நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும்போது அது ஓரளவு உண்மை. மணிக்கு 12-ல் சீராக ஊர்ந்து ஏறும்போது ரிம்மில் இருக்கும் 100 கிராமும் பாட்டிலில் இருக்கும் 100 கிராமும் ஒன்றேதான்.

உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும்: எம்டிபி என்னும் கரடுமுரடான பாதைக்கான சைக்கிளில் கட்டை கட்டையான டயர் போட்டுக்கொண்டு ஏற்காடு ஏறுபவர்கள் டயரை மாற்றினாலே போதும். அந்தக் கட்டைகளால் கூடுதலாக 5 நியூட்டன் இழுவை வரலாம். மலை வேகத்தில் அது பத்தில் ஒரு பங்கு உழைப்பு. சைக்கிளில் எட்டு கிலோ குறைப்பதற்குச் சமம். எட்டு கிலோ குறைக்க எவ்வளவு செலவாகும் என்று யோசியுங்கள். ரோட்டு டயர் ஜோடி அதில் எத்தனையில் ஒரு பங்கு?

நீங்கள் செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் கியருக்குச் செய்யுங்கள். முன்னால் சின்ன பல்சக்கரம் 34, பின்னால் பெரியது 28 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு முறை பெடல் சுற்றினால் சைக்கிள் 2.55 மீட்டர் போகும். 8 சதவீதமாக எழும் இடங்களில் 170 வாட்டுக்கு வேகம் மணிக்கு 8. நிமிடத்துக்கு 53 சுற்று. கொஞ்சம் கனம், ஆனால் சமாளிக்கலாம். மூச்சு போன பிறகு, அதே இடத்தில் 110 வாட் என்றால் மணிக்கு 5.3 கி.மீ., நிமிடத்துக்கு 34 சுற்று. இப்போது கவனியுங்கள்: 170 வாட்டிலும் 110 வாட்டிலும் பெடல் மேல் உங்கள் கால் அழுத்த வேண்டிய சராசரி விசை ஒன்றேதான், ஏறத்தாழ 18 கிலோ. கடைசி கியரில் இருக்கும்போது பெடல் விசையைத் தீர்மானிப்பது சரிவும் பல்லும். வேகம் அதில் தலையிடுவதே இல்லை. மெதுவாகப் போனால் முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கும் என்பது பொய். மெதுவாகச் சுற்றும், அதே கனத்தோடு சுற்றும்.

பின்னால் 34 பல் வரை உள்ள கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) போட்டால் அந்த 18 கிலோ 15 ஆகிவிடும், 53 சுற்று 64 ஆகும். காரில் போகிறவர்கள் சிரிக்கும் வேகத்தில் கால் சுற்றும், சுற்றட்டும். தசை சீக்கிரம் களைப்பதற்கு ஒரு காரணம் ஒவ்வொரு மிதியிலும் விழும் விசை. கேசட்டோடு செயினும், உங்கள் பின் டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்காவிட்டால் அதுவும் மாற்ற வேண்டியிருக்கும். மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18, கியரே கிடையாது. அதில் 8 சதவீதம் ஏற ஒவ்வொரு மிதியிலும் சராசரியே 39 கிலோ. பெடல் மேலும் கீழும் இருக்கும் நிலைகளில் கால் அநேகமாக எதுவும் தராது என்பதால் உச்சத்தில் 60-ஐத் தாண்டும். உடம்பு முழுவதையும் பெடல் மேல் ஏற்றி நின்றால்தான் நகரும். அந்தக் காலத்தில் மேட்டில் இறங்கித் தள்ளியவர்கள் சோம்பேறிகள் இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள்.

எழுந்து நின்று மிதிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். நின்றால் உடல் எடை பெடலுக்கு உதவும், ஆனால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கவும் ஆக்சிஜன் செலவாகும். முதுகும் இடுப்பும் இறுகும்போது பத்திருபது மிதி, செங்குத்தான இடத்தில் பத்திருபது மிதி. மற்றபடி உட்கார்ந்தே ஏறுங்கள்.

வளைவுகளுக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இது. கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்தில் தொடங்கி ஒரே உயரத்தில் முடிகின்றன. ஆனால் நீளம் வேறு. உள்ளே ஆரம் 5 மீட்டர் என்றால் அரைவட்டம் 16 மீட்டர் தூரம். வெளியே ஆரம் 10 என்றால் 31 மீட்டர். இரண்டுக்கும் ஏற்றம் ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் உள்ளே சரிவு 9 சதவீதத்துக்கு மேல், வெளியே 5-க்கும் கீழ். நாம் இடதுபுறம் போகிறவர்கள். அதனால் ஏறும்போது இடதுபக்கம் திரும்பும் வளைவுகள் எல்லாம் நமக்கு உள்விளிம்பு, செங்குத்து. வலதுபக்கம் திரும்பும் வளைவுகள் வெளிவிளிம்பு, கிட்டத்தட்ட ஓய்வு. இடது வளைவு கண்ணில் பட்டதுமே ஒரு கியர் இறக்கிவிடுங்கள், உள்ளே போய் இறக்கினால் செயின் கடகடவென்று கத்தும். சரிவுக்குப் பயந்து எதிர்ப்பக்கம் அகலமாக எடுக்காதீர்கள். மேலேயிருந்து இறங்கும் பஸ்ஸுக்கு அந்த வளைவை முழுதாக எடுத்தால்தான் திரும்பும். ஹாரன் சத்தம் கேட்டால் ஓரமாக ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவேன். அந்தப் பத்து நொடியை எந்த வாட்டும் ஈடுகட்ட வேண்டியதில்லை. சனி ஞாயிறு, மே மாதக் கோடை விழா நாட்கள் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

பிரான்சில் ஆல்ப் துவெஸ் என்று ஒரு மலைப்பாதை. டூர் டி பிரான்ஸ் போட்டியால் பிரபலமானது. வளைவுகள் 21, நம்மைவிட ஒன்று கூட. 13.8 கி.மீ., சராசரிச் சரிவு 8 சதவீதம், ஏற்றம் ஏறத்தாழ 1,100 மீட்டர். உச்சத்தில் இருந்த வீரர்கள் அதை 40 நிமிடத்துக்குள் ஏறியிருக்கிறார்கள். உடல் எடையில் மட்டும் வகுத்தால் கிலோவுக்கு 6 வாட்டை ஒட்டி. உங்களுக்கு 2.4, நண்பருக்கு 2.6. அவர்கள் வேறு சாதி மனிதர்கள். நம்மை முந்திப் போகும் ஸ்கூட்டரைப் பார்த்தும் மனம் நோக வேண்டாம். 110 சிசி எஞ்சின் 5,500 வாட் தரக்கூடியது, உங்களைப் போல முப்பது பேர்.

வெயில். உணவிலிருந்து வரும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் எல்லாம் சூடு. 170 வாட் மிதித்தால் உடம்பில் 600 வாட் சூடு பிறக்கும். சின்ன இஸ்திரிப் பெட்டி ஒன்று வயிற்றுக்குள் இருப்பது மாதிரி. அதை வியர்வை ஆவியாக்கித்தான் வெளியேற்ற வேண்டும், மணிக்கு 900 மில்லி அளவில். ஓமலூர் ரோட்டில் 29-ல் அடிக்கும் காற்று அதை உலர்த்திக்கொண்டே வரும். மலையில் 12-ல் காற்றே இல்லை, வியர்வை ஆவியாகாமல் மூக்கு நுனியில் சொட்டும், சொட்டிய வியர்வை எதையும் குளிர்விக்காது. கனமான உடம்புக்கு இந்தக் கஷ்டம் கூடுதல். நீங்கள் எட்டு மணிக்குக் கிளம்பினீர்களா, ஐந்தரைக்கா என்று எழுதவில்லை. மார்ச்சுக்குப் பிறகு சேலத்தில் எட்டு மணிக்குக் கிளம்பினால் மேலே சொன்ன 170 வாட் காகிதத்தில்தான் இருக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் மூச்சு முட்டுமோ என்று சிலர் கேட்பார்கள். 1,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 16 சதவீதம் குறைவு. உடம்பின் திறன் சில சதவீதம் குறையலாம். அங்கே கிடைக்கும் குளிர்ச்சி அதை ஈடுகட்டிவிடும் என்பது என் அனுபவம்.

சாப்பாட்டுக் கணக்கும் போட்டுவிடுகிறேன். முழு ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 1,100 கிலோகலோரி. இட்லிக்கு 50 என்றால் 22 இட்லி. அத்தனையையும் முன்கூட்டியே சாப்பிட்டுக் கிளம்ப வேண்டாம், தசையிலும் ஈரலிலும் அதற்கு மேல் சேமிப்பு இருக்கிறது. இரண்டு வாழைப்பழம், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் போதும். இறங்கி வந்து சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிடும்போது குற்ற உணர்ச்சி வேண்டாம் என்பதற்காகத்தான் சொன்னேன்.

அடுத்த முறை என்ன செய்வீர்கள்? அடிவாரத்தில் மீட்டர் 12-ஐத் தாண்டாமல் பிடியுங்கள். முதல் 5 கி.மீ.க்கு 25 நிமிடம். 20 நிமிடத்தில் முடித்திருந்தால் கையிருப்பைத் தின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். நண்பர் முன்னால் போவார், போகட்டும். அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போய்ப் பலனும் இல்லை, 12-ல் காற்றை மறைத்து உங்களுக்கு மிச்சமாவது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. செங்குத்தான இடத்தில் வேகம் 8-க்கு விழும், விழட்டும், வாட்டைக் கொஞ்சம்தான் கூட்டுங்கள். பேச முடிகிற அளவு மூச்சு பாதி தூரம் வரை இருக்க வேண்டும். கடைசி நாலைந்து வளைவுக்குப் பீரோவைத் திறந்துகொள்ளுங்கள். முதல் தடவையே 1 மணி 40 வராது, 1 மணி 45 வந்தாலே 8 நிமிடம் இலவசம்.

இறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. யாரும் கேட்பதில்லை. ஏறும்போது சேர்த்துவைத்த 8,34,000 ஜூலும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். பாதி காற்றுக்கும் டயருக்கும், பாதி பிரேக்குக்கு. பிரேக்கே தொடாமல் விட்டால் 5 சதவீதச் சரிவில் உங்கள் சைக்கிள் மணிக்கு 46-ல் நிலைக்கும், 10 சதவீதத்தில் 68. வளைவில் அது முடியாது, எனவே பிடிக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், 5 சதவீதத்தில் பிரேக் மிக அதிகமாகச் சூடாகும் வேகம் மணிக்கு 27-ஐ ஒட்டித்தான் வருகிறது. பயந்தவர்கள் எல்லாரும் இறங்கும் அதே வேகம். அங்கே பிரேக் 180 வாட் குடிக்கும், பழைய 100 வாட் குண்டு பல்பு இரண்டை ரிம்மில் கட்டியதுபோல. நான் ஒரு தடவை மேலேயிருந்தே இரண்டு பிரேக்கையும் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே வந்து, அடிவாரத்துக்கு நாலு வளைவு இருக்கும்போது பின் ட்யூப் வெடித்தது. ரிம்மைத் தொட்டுப் பார்த்த விரலில் கொப்புளம். பக்கத்து மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று நான் ட்யூப் மாற்றி முடிக்கும்வரை நகரவே இல்லை, பையில் வாழைப்பழம் இருந்ததை அது எப்படியோ கண்டுபிடித்திருந்தது.

தொடர்ந்து தேய்க்காதீர்கள். வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள், இரண்டு வளைவுக்கு நடுவே முழுதாக விட்டுக் காற்றில் ரிம் ஆற விடுங்கள். பத்தாவது வளைவில் ஒரு முறை நின்று ரிம்மை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலை வைக்க முடியாவிட்டால் அங்கேயே ஐந்து நிமிடம் உட்காருங்கள்.